மசினகுடி வீட்டுத்தோட்டத்தில் புள்ளிமான்கள், வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு மசினகுடியில், முதுமலைக் காட்டை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் நாலு சென்டில் அவரை, தண்டுக்கீரை, சர்க்கரைவள்ளி போட்டிருக்கிறேன், ஓரமாக இரண்டு செம்பருத்தி. ஒரு மாதமாக விடியற்காலையில் ஏழெட்டு புள்ளிமான்கள் வந்து கொழுந்தை எல்லாம் கடித்துவிட்டுப் போகின்றன. துளசியையும் எலுமிச்சையையும் மட்டும் தொடவில்லை.

நாலடி கம்பி வலையை ஒரே தாவலில் தாண்டிவிடுகின்றன. பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினேன், ஒரு வாரம் பயந்தன, அப்புறம் பழகிவிட்டன. அழுகிய முட்டையைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் வாடைக்கு வராது என்கிறார்கள், ஆனால் மழைக்கு அது நிற்குமா, கீரை மேல் தெளிக்கலாமா?

நைலான் வலை கட்ட மனசு வரவில்லை, ஆண் மானின் கொம்பு சிக்கினால் அது துடித்தே செத்துப்போகும். மின்வேலி வேண்டவே வேண்டாம். 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவற்றைக் காயப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

வேலியை எத்தனை அடி உயர்த்தினால் தாண்டாது? மூங்கில் தட்டி கட்டி உள்ளே தெரியாமல் மறைத்தால் போதுமா? காட்டோரம் தோட்டம் வைத்திருப்பவர்கள் யாராவது செய்து பார்த்ததைச் சொல்லுங்கள், அடுத்த விதைப்புக்கு முன் வேலியை முடிக்க வேண்டும்.