8,999 ரூபாய்க்கு ‘1000 வாட்’ சூரிய மின்தொகுப்பு: வாங்கலாமா?

கரூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். முகநூலில் சில வாரங்களாக ஒரு விளம்பரம் விடாமல் வந்துகொண்டிருக்கிறது. 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள ‘1000 வாட்’ சோலார் தகடு, சுவரிலுள்ள பிளக்கில் செருகினாலே வீடு முழுவதற்கும் மின்சாரம் தரும் என்று சொல்லப்படும் சிறிய இன்வெர்ட்டர், மொட்டை மாடியில் நாமே பொருத்திக்கொள்ளக்கூடிய 1 மீட்டர் விட்டமுள்ள, காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் காற்றாடி, சோலார் தகட்டை வீட்டிலேயே செய்வது எப்படி என்று விளக்கும் ஒரு கையேடு, எல்லாம் சேர்த்து 8,999 ரூபாயாம். மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியமும் பிறகு கிடைக்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு மாதங்களுக்கு 400 யூனிட் அளவில் செலவாகிறது. இதை நம்பி வாங்கலாமா?

கணக்கர்:
விளம்பரக்காரர் கொடுத்திருக்கும் நீள அகலமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மேகமற்ற நண்பகலில் 1 சதுர மீட்டர் பரப்பில் விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். நீங்கள் சொல்லும் தகட்டின் பரப்போ 0.24 சதுர மீட்டர்தான். அதன்மேல் விழும் வெயிலே 240 வாட்டுக்கு மேல் இராது. இன்று கிடைக்கும் நல்ல தகடுகள் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகின்றன என்பதால், கைக்கு வருவது ஏறத்தாழ 50 வாட். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்ற கணக்கின்படி, இந்தத் தகடு இரண்டு மாதங்களில் 12 யூனிட் கொடுக்கும். மீதி 388 யூனிட்டுக்கு மின்வாரியத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். சந்தையில் 550 வாட் என்று விற்கும் உண்மையான தகடு ஏறக்குறைய 2.3 மீட்டர் நீளமும் 1.1 மீட்டர் அகலமும் கொண்டது. வீட்டு வாசற்கதவைவிடப் பெரியது.

காற்றாடியின் கதை இன்னும் மோசம். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் 1 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைக் கடக்கும் ஆற்றல் மொத்தமே 30 வாட். எவ்வளவு திறமையாக வடிவமைத்தாலும் அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பது பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நிறுவிய வரம்பு. சிறிய காற்றாடிகள் 10 வாட் தந்தாலே பெரிது. சுற்றிலும் கட்டடங்கள் உள்ள மாடியில் அதுவும் சந்தேகம்தான்.

மின்பணியாளர்:
பணம் போவதைவிட அந்தப் பிளக் இன்வெர்ட்டர்தான் எனக்குக் கவலை தருகிறது. மின்வாரியத்தின் இணைப்போடு சேர்ந்து இயங்கும் முறையான இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் நின்றதும் தானாகவே நின்றுவிட வேண்டும். அந்தப் பாதுகாப்பு இல்லாத மலிவுச் சரக்கு மின்தடை நேரத்திலும் கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால், ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிருக்கே ஆபத்து. தவிரவும், சாதாரண மீட்டர்களில் பல, மின்சாரம் எந்தத் திசையில் பாய்ந்தாலும் அதை நம் செலவாகவே பதிவு செய்யும். மின்வாரிய அனுமதியும், நாம் எடுக்கும் மின்சாரத்தையும் கொடுக்கும் மின்சாரத்தையும் தனித்தனியாகக் கணக்கிடும் நெட் மீட்டரும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், ஐயா.

மதுரை வாசகி:
மானியத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். வீட்டுக் கூரையில் சோலார் அமைப்பதற்காக மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் தருகிறார்கள். அந்த 78,000 இப்படி வந்ததுதான். ஆனால் அரசு இணையதளத்தில் விண்ணப்பித்து, பதிவுபெற்ற நிறுவனத்தின் மூலம் இந்தியத் தயாரிப்புத் தகடுகளைப் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகே அது வங்கிக் கணக்குக்கு வரும். நாமே வாங்கிச் செருகும் தொகுப்புக்குக் காலணா கிடைக்காது. எங்கள் உறவினர் ஒருவர் இதேபோன்ற விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டினார். பிறகு ‘மானியப் பதிவுக் கட்டணம்’ என்று மேலும் கேட்டார்கள். பணம் கட்டியவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைப்பது நல்லது. பொருள் வந்து ஏமாற்றமாக இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

கரூர்வாசி:
மிக்க நன்றி. வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். ஆனாலும் கைவேலையில் எனக்கு ஆர்வம் உண்டு. அந்தக் கையேட்டில் உள்ளபடி, தகட்டில் அடுக்கப்படும் சிறு சோலார் செல்களை வாங்கி நாமே தகடு செய்வதாவது பயன் தருமா?

கணக்கர்:
கற்றுக்கொள்வதற்குச் செய்யலாம்; கூரையில் ஏற்றுவதற்கு வேண்டாம். ஒரு செல் அரை வோல்ட்தான் தரும்; 12 வோல்ட் பேட்டரியை சார்ஜ் செய்ய அதைவிடக் கூடுதல் வோல்ட் வேண்டும் என்பதால், 36 செல்களை வரிசையாகப் பற்றவைக்க வேண்டும். அப்பளம்போல் நொறுங்கும் அவற்றை ஒட்டுப்பலகைப் பெட்டியில் அடுக்கி அக்ரிலிக்கால் மூடினால், ஒரு மழைக்காலத்திலேயே ஈரம் புகுந்து பற்றவைத்த இடங்கள் அரிக்கத் தொடங்கும். இணைப்பு தளர்ந்த இடம் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். ஐ.எஸ். 14286 என்ற இந்தியத் தரச்சான்று உள்ள 100 வாட் தகடு ஒன்றையும், பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகாமல் காக்கும் சார்ஜ் கன்ட்ரோலரையும், பேட்டரியையும் தனித்தனியாக வாங்குங்கள். வீட்டு வயரிங்கோடு சேர்க்காமல் மாடிப்படிக்கும் வாசலுக்கும் 12 வோல்ட் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்துங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட மறக்க வேண்டாம்.