“என்னப்பா, மாலைப் படமா?”

மதுரையில கல்யாண போட்டோ எடுக்கிற ஆள் நான். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள்ல ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு வலி தணிப்பு இல்லத்துக்குப் போவேன். கடைசிக் கட்டத்துல இருக்கிறவங்களையும் குடும்பத்தையும் சேர்த்துப் படம் எடுத்து, பிரிண்டும் போட்டுக் கொடுப்பேன். காசு வாங்குறதில்லை. இந்த மாதிரி படம் எடுத்தவங்க, எடுத்துக்கிட்டவங்க உங்க அனுபவத்தையும் சொல்லுங்க.

போன புதுசுல ஒரு மகன் என்னைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிட்டுப் போனார். “அண்ணே, அப்பாவை மட்டும் நேரா, மார்பளவு எடுத்துடுங்க. பின்னாடி நீலம் போட்டுக்கலாம்.” எதுக்குன்னு அவர் சொல்லலை, நானும் கேக்கலை. சந்தனப்பொட்டு வச்சு, மாலை போட்டு, மேல சின்ன பல்பு எரியுமே, அந்தப் படம்தான். உள்ளே போனா பெரியவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கிட்டே, “என்னப்பா, மாலைப் படமா?”ன்னார். மகன் தரையைப் பாத்தார். எனக்கு வாயே வரலை. “எடு, எடு. அதுக்கு முன்னாடி எம் பொண்டாட்டியோட ஒண்ணு எடு. கல்யாணத்துக்கே நாங்க படம் புடிக்கலை.”

அந்தம்மா பக்கத்துல உக்காரமாட்டேன்னுட்டாங்க. மருமகன் நிக்கிறார்னு கூச்சம். தலைமாட்டுல போய் நின்னாங்க. நானும் வற்புறுத்தலை. கொஞ்ச நேரத்துல, காலர் மடிஞ்சிருக்குன்னு குனிஞ்சு சரி பண்ணினாங்க. அப்ப அமுக்கினதுதான் படம்.

பதினாறாம் நாள் போனேன். சுவத்துல மார்பளவுப் படம், மாலையோட. காலர் படம் எங்கேன்னு கேட்டா, உசுரோட இருக்கிறவ சேந்திருக்கிற படத்துக்கு மாலை போடக்கூடாதாம். பீரோவுல சேலைக்கு அடியில வச்சிருந்து எடுத்துக் காட்டினாங்க. அதுலேர்ந்து ரெண்டுமே எடுக்கிறேன். மாலைப் படம் கேக்கிற பிள்ளைங்க மேல எனக்கு இப்ப கோபமே வர்றதில்லை.

பிளாஷ் போடமாட்டேன், ஜன்னல் வெளிச்சம் போதும். காமாலை ஏறினவங்களுக்குக் கருப்பு வெள்ளை. வாய்ப் புற்று இருந்தா எந்தப் பக்கமா திரும்பிக்கிறீங்கன்னு அவங்களையே கேப்பேன். மூக்கு டியூபைக் கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம், ஆனா கேக்காம அழிக்கிறதில்லை. ஒரு அக்கா, “கெடக்கட்டும் தம்பி, ஆறு மாசமா அதுலதானே கஞ்சி”ன்னாங்க.

*

அண்ணா, நேரத்தைப் பத்திச் சொல்லாம விட்டுட்டீங்களே. நான் வீட்டுக்கு வீடு போற நர்ஸ். அரசாங்கத்தோட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-ல தொடங்கினதுலேர்ந்து படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பாத்துட்டு வர்றேன். வலிக்கு மார்ஃபின் (morphine) மாத்திரை கொடுத்தா அரைமணியிலேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள வலி இறங்கும், நாலு மணி நேரம் வரைக்கும் தாங்கும். அந்த நேரமாப் பாத்து வாங்க. புண்ணுக்குக் கட்டு மாத்தின கையோட வேண்டாம், துவண்டு போயிருப்பாங்க. பத்து நிமிசத்துக்கு மேல இழுக்காதீங்க.

இன்னொண்ணு. “அவருக்கு என்ன வியாதின்னே தெரியாது, சொல்லிடாதீங்க”ன்னு வாசல்லயே மறிப்பாங்க. நாம போட்டு உடைக்கவும் வேண்டாம், பொய் சொல்லவும் வேண்டாம். “பேரன் வந்திருக்கானே, எல்லாரும் சேந்து ஒண்ணு எடுத்துக்கலாமா?”ன்னு கேட்டாப் போதும். அதுல பொய் இல்லியே. பாதிப் பேருக்குத் தெரிஞ்சுதான் இருக்கும், வீட்டாளுகளுக்காகத் தெரியாத மாதிரி இருப்பாங்க.

*

தென்காசிப் பக்கம் எங்களுக்கு. அம்மாவுக்கு முடி எல்லாம் கொட்டிப்போச்சு. “இந்த மூஞ்சியவா எடுக்கப் போறீங்க?”ன்னு படம் எடுக்க வந்த பொண்ண வெரட்டாத கொறதான். அந்தப் பொண்ணு கேமராவப் பையிலயே வச்சுட்டு சும்மா பேசிக்கிட்டு இருந்துச்சு. என்ன வேலை பாத்தீங்கன்னு கேட்டுச்சு. பீடி சுத்துனேன், முப்பது வருசம்னாங்க அம்மா. எப்படிச் சுத்துறதுன்னு அது கேக்க, அம்மா என்னப் பாத்து “தட்டை எடுத்தா”ன்னாங்க.

மடியில தட்டு, இலை, தூள், நூல். வெரல் நடுங்குச்சு, ஆனா மறக்கலை. எம் மக நூல் கட்டுனா. மொத்தம் நாலு பீடிதான் சுத்துனாங்க. படத்துல தலையில துண்டு கட்டி, கீழ குனிஞ்சு பாத்துட்டு இருக்காங்க, முகம் பாதிதான் தெரியும். சொந்தக்காரங்க “இதென்ன படம், மொகமே தெரியலை”ம்பாங்க. அந்த நாலு பீடியும் இன்னும் டப்பாவுல இருக்கு.

*

எனக்கு நடந்தது வேற. அப்பாவைப் பாக்க வந்த ஒரு தன்னார்வலர் படம் எடுத்தார், நல்லாவும் எடுத்தார். மறுநாள் அது பேஸ்புக்ல, நெஞ்சை உருக்கும் வரிகளோட. எங்க ஊர்ல யாருக்கும் நோயைப் பத்தி நாங்க சொல்லியிருக்கலை. சொன்னதும் நீக்கிட்டார், ஆனா அதுக்குள்ள அத்தை வரைக்கும் போன் வந்தாச்சு. அந்தக் கோபத்துல அதுக்கப்புறம் யாரையும் படமே எடுக்க விடலை. கடைசியில வாக்காளர் அட்டையிலேர்ந்து பெரிசாக்கினோம். பாதிக் கண் மூடின மாதிரி ஒரு படம். அடுத்தவங்களுக்குச் சொல்றேன்: எங்கயும் போடமாட்டேன்னு எழுதி வாங்கிக்குங்க.

*

இது ஹாஸ்பிஸ் (வலி தணிப்பு இல்லம்) இல்லை, ஆனால் பக்கத்தில் வரும். நாங்கள் இருப்பது அமெரிக்காவில். இங்கே ‘நவ் ஐ லே மீ டவுன் டு ஸ்லீப்’ என்று ஒரு அமைப்பு, 2005-இல் கொலராடோவில் தொடங்கியது. பிறந்தும் பிழைக்காத, இறந்தே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரோடு இலவசமாகப் படம் எடுத்துத் தருகிறார்கள். எங்களுக்கும் ஒருவர் வந்தார். மதுரை அண்ணன் சொன்ன அதே கருப்பு வெள்ளைதான். குழந்தையின் தோல் நிறம் மாறியிருந்தது அதில் தெரியவில்லை. ஊரில் அம்மாவுக்கு இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் ஏன் எடுத்தீர்கள் என்பாள்.

*

அண்ணே, எனக்கு கேமரா கிடையாது, படம் எடுக்கவும் தெரியாது. ஞாயிறு சும்மாதான் இருக்கேன். வரலாமா?

*

தாராளமா வாங்க. வெளிச்சத்தைத் திருப்ப ஒரு தெர்மகோல் பலகை வச்சிருக்கேன், பிடிக்கத்தான் ஆள் இல்லை. போன வாரம் நோயாளியோட கொழுந்தனார் பிடிச்சுக்கிட்டு நின்னார். குடும்பப் படத்துல அவர் மட்டும் இல்லை.