வெங்காயச் செடி அடியில் அழுகுது, காப்பாத்த முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் மூணாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. போன வருஷம் அத்தை ஒரு 'பிரெக்னன்ட் ஆனியன்' கிழங்கு தந்தாங்க. அல்புகா பிராக்டியாட்டான்னு பேர், தென்னாப்பிரிக்காச் செடி. மண்ணுக்கு மேலேயே பச்சை வெங்காயம் மாதிரி உட்கார்ந்திருக்கும். தோலுக்கு அடியில் குட்டிகள் புடைச்சுக்கிட்டு வரும். தோல் உரிஞ்சதும் கீழே விழுந்து அதுவே வேர் பிடிச்சுக்கும். இதுவரை 11 குட்டி, பாதியை ஆபீஸ்ல கொடுத்தாச்சு.

"இதைக் கொல்லவே முடியாதுடி"ன்னாங்க அத்தை. நான் அதையும் சாதிச்சிடுவேன் போல. 15 நாள் ஊருக்குப் போயிருந்தப்போ பக்கத்து வீட்டு அக்கா பாசத்தில் தினமும் தண்ணி ஊத்தியிருக்காங்க, அதுவும் இந்த ஐப்பசி மழையில! இப்போ கிழங்கோட அடிப்பக்கம் அழுத்தினா அமுங்குது, லேசா நாத்தமும் வருது. மேல் பாதி நல்லா கெட்டியா இருக்கு. இலை நுனி காய்ஞ்சிருக்கு, ஆனா அது இந்தச் செடிக்கு எப்பவும் உள்ளதுதான்.

தொட்டியிலிருந்து எடுத்து நிழலில் வச்சிருக்கேன். அழுகினதை வெட்டிட்டு மஞ்சள்தூளோ சாம்பலோ தடவி நடலாமா? வேர் வர்ற அடித்தட்டே போயிட்டா மறுபடி வேர் விடுமா, இல்லை குட்டிகளை மட்டும் பிரிச்சுக்கிறது நல்லதா? வெட்டினா எத்தனை நாள் காயவிடணும்? இதுவரை செம்மண்ணும் மண்புழு உரமும்தான், மணல் சேர்க்கவே இல்லை.

இதோட சாறு விஷம், தோலில் பட்டா அரிக்கும். வீட்ல பூனை இருக்கு. தொங்கவிட்டு வளர்க்கிறவங்க யாராவது போட்டோ போடுங்களேன்.