தமிழ் இண்டி இசைக்குழு வெளியூர்க் கச்சேரிகளுக்குச் சுற்றத்தான் வேண்டுமா?

அல்சூர்வாசி:
நண்பர்களுக்கு வணக்கம். திரைப்படப் பாடல்களைத் தொடாமல், சொந்தமாகத் தமிழ்ப் பாட்டெழுதி வாசிக்கும் பெங்களூர்க் குழு ஒன்றுக்கு நான் வரவு செலவு பார்த்து வருகிறேன். குழுவில் நால்வர், வெளியூர் என்றால் ஒலிப் பொறியாளரும் உடன் வருவார். இப்போது சென்னையிலும் மும்பையிலும் உள்ள பப் அரங்குகள் அழைத்திருக்கின்றன. நிலையான ஊதியம் எதுவும் இல்லை, சீட்டு விற்பனையில் பங்கு மட்டும் தருவதாகச் சொல்கிறார்கள். போகக் கூடாது என்பது என் கட்சி. குழுவில் பாதிப்பேர் போயே தீர வேண்டும் என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் பேச வேண்டுகிறேன்.

நாலுதந்தி:
ஐயா, நான் ஒரு பேஸ் கிட்டார்க்காரன். போகாவிட்டால் உங்கள் குழு இந்திராநகரையும் கோரமங்கலாவையும் தாண்டாது. இந்த ஊரையே நம்பியிருப்பதில் உள்ள ஆபத்தையும் எண்ணிப் பாருங்கள். பொழுதுபோக்கு இடங்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற 2005ஆம் ஆண்டு ஆணையை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு, கட்டடப் பயன்பாட்டுச் சான்று முதலான தாள்களைக் காட்ட முடியாத பல பப்கள் நேரடி இசையையே நிறுத்திவிட்டன. அடுத்த ஆண்டே இந்திராநகரின் ஹம்மிங் ட்ரீ என்ற இசை அரங்கும் மூடப்பட்டது. சொந்தப் பாட்டுக்கு மேடை தந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துவரும்போது, மாதந்தோறும் அதே அறுபது முகங்களுக்கு வாசித்து என்ன காணப் போகிறீர்கள்?

டெல்லியில் 1990இல் தொடங்கிய இந்தியன் ஓஷன் குழு இன்றும் நிற்கிறதென்றால், அது ஊர் ஊராகப் போய் ஆளைச் சேர்த்த குழு என்பதால்தான். முதல் முறை அறுபது பேர் வந்தால் இரண்டாம் முறை நூறு பேர் வருவார்கள். அந்த முதல் முறைக்கான செலவை முதலீடாகத்தான் எழுத வேண்டும், நட்டமாக அல்ல.

அல்சூர்வாசி:
முதலீடு என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது, தம்பி. போடுவது யார் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கணக்கைப் பார்ப்போம். கச்சேரிச் சீட்டு 500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. விலக்குப் பெறுவதால் 499 என்று விலை வைப்பார்கள். நீங்கள் சொல்லும் அறுபது பேரும் வந்தால் 29,940 ரூபாய். எழுபதுக்கு முப்பது என்று தாராளமாகப் பிரித்தாலும் நம் கைக்கு 20,958 ரூபாய்தான் வரும். இதில் ஐந்து பேருக்குப் போகவர ரயில் கட்டணம், இரண்டு அறை, சாப்பாடு, சாமானோடு நிலையத்திலிருந்து அரங்குக்கும் திரும்பவும் வண்டி என்று கழித்துப் பாருங்கள். சென்னை என்றால் கையைக் கடிக்காமல் தப்பலாம், மும்பை என்றால் அவரவர் சம்பளத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டியதுதான். அரங்குக்காரருக்கோ அறுபது பேர் குடித்துச் சாப்பிட்ட வரவு தனி. அதில் நமக்கு ஒரு காசுகூடப் பங்கு கிடையாது. கூட்டம் வராவிட்டால் நட்டத்தில் மட்டும் முழுப் பங்கு நமக்கு.

விமானத்தில் போகலாமே என்று டிரம்மர் கேட்கிறார். பெரிய டிரம்கள் அரங்கிலேயே இருக்கும் என்றாலும் ஸ்னேர், சிம்பல்கள், கிக் பெடல் மூன்றையும் அவர்தான் சுமக்க வேண்டும். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு. ரயிலில் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 40 கிலோ வரை விடுவார்கள். ஆனால் மும்பைக்கு உதயான் எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும். டெல்லியைப் பற்றிப் பேசவே வேண்டாம். கர்நாடகா எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள்.

மிக்சர்காரன்:
குழுக்களோடு ஒலி பார்க்கப் போகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இருவரும் பணத்தையே பேசுகிறீர்கள். வாசிப்பு என்ன ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை.

சென்னைக்குப் பெங்களூர் மெயிலில் போனால் விடிவதற்கு முன்பே சென்ட்ரலில் இறக்கிவிடுவார்கள். விடுதி அறை நண்பகலுக்குத்தான் கிடைக்கும். அதுவரை காத்திருப்புக் கூடத்தில் சிம்பல் பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு முறை போட்டுத் தூங்க வேண்டும். நான்கு மணிக்குச் சவுண்ட்செக், அதாவது ஒலிச் சோதனை, என்பார்கள். அரங்குப் பொறியாளர் ஆறுக்கு வருவார். என்னென்ன கருவிகள் வேண்டும் என்று நாம் மின்னஞ்சலில் அனுப்பிய பட்டியலை (ரைடர்) யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். வாசிப்பவர்கள் தங்கள் ஒலியைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஒலிபெருக்கி நான்கு கேட்ட இடத்தில் இரண்டு கிடக்கும். திறந்தவெளி மாடி என்றால் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும் என்பதால், தாமதம் யாருடையதாக இருந்தாலும் வெட்டுப்படுவது நம் கடைசிப் பாட்டுகள்தான்.

பறை உள்ள ஒரு குழுவோடு மழைக்காலத்தில் மும்பைக்குப் போயிருந்தேன். (அரங்கின் பெயர் வேண்டாம்.) ஈரத்தில் தோல் தொய்ந்து, அடித்தால் அட்டைப் பெட்டியைத் தட்டியது போலக் கேட்டது. காய்ச்சினால்தான் பறை பேசும். பப்புக்குள் தீ மூட்ட யார் விடுவார்கள்? கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டே காய்ச்சினோம். மேலே ஏ.சி.யில் பாதி நிகழ்ச்சிக்குள் மறுபடியும் இறங்கிவிட்டது. இப்போது அந்தக் குழு வெளியூருக்கு ஃபைபர் தோல் பறைதான் கொண்டுபோகிறது. நாதம் அதே நாதம் இல்லை, ஆனால் எந்த ஊரிலும் ஒரே மாதிரி ஒலிக்கிறது.

காக்ஸ்டவுன்காரி:
நாலுதந்தி அண்ணா, முதலீட்டில் விடுப்பு நாட்களும் சேருமா? என் கணவர் கீபோர்டு வாசிப்பவர். ஞாயிறு இரவு வெளியூரில் வாசித்துவிட்டு, திங்கள் காலை வெளிவட்டச் சாலை அலுவலகக் கூட்டத்தில் கேமராவை அணைத்துவைத்துப் பங்கேற்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாளும் அவருடைய கச்சேரி நாளும் எப்படியோ ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. போகாதே என்று நான் சொன்னதில்லை. மாதம் ஒரு வெளியூர் என்று வரம்பு கட்டியிருக்கிறோம்.

நாலுதந்தி:
தங்கை சொல்வது நியாயம்; மாதம் ஒன்று போதும். அல்சூர் ஐயாவின் கணக்கையும் நான் மறுக்கவில்லை, அதில் விடுபட்ட வரவைச் சொல்கிறேன். சொந்தப் பாட்டு என்பதால், பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் பாடல் உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகி, வாசித்த பாடல்களின் பட்டியலைக் கொடுத்தால், உரிமம் பெற்ற அரங்குகளில் வாசித்ததற்கு உரிமைத்தொகை கேட்கலாம். பெரிய தொகை வராதுதான். சட்டையும் ஸ்டிக்கரும் வெளியூரில்தான் விற்கும். உள்ளூர் ஆட்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்க் கேட்பாளர்கள் இந்திராநகரைவிட மும்பையின் தாராவியிலும் செம்பூரிலும்தான் அதிகம் என்பதையும் மறக்காதீர்கள்.

அல்சூர்வாசி:
அங்கேதான் நான் வேறுபடுகிறேன். செம்பூர்த் தமிழ்க் குடும்பம் மேற்குப் புறநகர் பப்புக்கு இரவு ஒன்பது மணிக்குக் குழந்தைகளோடு வருமா? அவர்களைத் தேடித்தான் போகிறோம் என்றால் பப் எதற்கு? ஏரிக்கரையில் நம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருப்பது போல அங்கங்கே சங்கங்களும் பள்ளி அரங்குகளும் இருக்கின்றன. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியபோது திரண்ட கூட்டம் பப்பைத் தேடி வந்ததா?

நாலுதந்தி:
அந்த மேடைக்குப் பின்னால் ஒரு திரைப்பட இயக்குநரும் ஓர் அமைப்பும் இருந்தன, ஐயா. நமக்கு யார் இருக்கிறார்கள்? சங்க அரங்கை எடுத்தால் வாடகை, ஒலி, ஒளி எல்லாம் நம் தலையில் விழும். பப்பில் அவையாவது இலவசம்.

மிக்சர்காரன்:
இலவசம்தான். அதனால்தான் இரண்டு மானிட்டர்.

அல்சூர்வாசி:
சரி, குழுவிடம் இப்படிச் சொல்லப் போகிறேன். ஐந்து பேரின் பயணச் செலவும் இரண்டு அறை வாடகையும் குறைந்தபட்சத் தொகையாக எழுத்தில் வர வேண்டும். அதற்கு மேல் பங்கு என்னவாக இருந்தாலும் ஏற்கலாம். சென்னை அரங்கு இதற்கு இசையக்கூடும், நாளை பேசுகிறேன். மும்பைக்காரர்கள் எழுத்தில் தர மாட்டார்கள் என்பது என் ஊகம். அப்படியானால் அவர்கள் அழைப்புக்கு நாலுதந்தி தம்பியே பதில் எழுதட்டும். சென்னைக்கு மட்டும் பயணச்சீட்டு எடுக்கிறேன், அதுவும் பகல் வண்டியில்.