எண்ணூர் மணலுக்கும் காசிமேடு கல்லுக்கும் எந்தச் சின்ன ட்ரைபாட்?

வடசென்னை_லென்ஸ்:
கேமரா நிறுத்த ஒரு ட்ரைபாட் (முக்காலி) வாங்கணும், தண்டையார்பேட்டையிலிருந்து கேட்கிறேன். கேமரா சோனி ஏ7 ஃபோர், 658 கிராம். லென்ஸ் 24-105 எஃப்4, 663 கிராம். மைக் ரிசீவர், பிளேட் (கேமரா அடியில மாட்டுற தகடு) எல்லாம் சேர்த்தால் ஒன்றரைக் கிலோ வரும். வேலை ரெண்டு வகை. ஒண்ணு, எண்ணூர் முகத்துவாரத்துல பொழுது சாயுற நேரத்து லாங் எக்ஸ்போஷர் (ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வெச்சு எடுக்குறது), 30 நொடி முதல் 2 நிமிஷம் வரை. இன்னொண்ணு, காசிமேட்டுல வலை பழுது பார்க்கிறவங்களோட வீடியோ பேட்டி, ஒவ்வொண்ணும் பத்து நிமிஷம். போக்குவரத்து கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயில், இல்லைன்னா பைக். ஹெட்டோட (கால் மேல கேமராவைத் தாங்குற பகுதி) சேர்த்து 15,000 ரூபாய்க்குள்ள முடியணும். கார்பன் ஃபைபர் அஞ்சு செக்‌ஷனா, அலுமினியம் நாலு செக்‌ஷனா? (செக்‌ஷன்னா ஒரு கால்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையுற குழாய்.) என் உயரம் 170 செ.மீ.

கடலோரக்கண்:
கார்பன், அஞ்சு செக்‌ஷன், கால் தலைகீழா மேலே மடங்கி ஹெட்டைச் சுத்தி அடங்குற வகை. மடிச்சா 40 செ.மீ.க்குள்ள வரும், ஹெட்டோட 1.3 கிலோ. முதுகுப் பைக்குள்ளேயே போயிடும். காலை நேர மின்சார ரயில்ல பைக்கு வெளியே 55 செ.மீ. குழாய் நீட்டிக்கிட்டு நின்னா, திரும்புறப்பல்லாம் அடுத்தவர் முகத்துல இடிக்கும். பைக்குல போனாலும் பக்கவாட்டுல கட்டின நீள ட்ரைபாட் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல ஆபத்துதான். எடுத்துட்டுப் போக அலுப்பா இருக்குற ட்ரைபாட் வீட்டிலேயே கிடக்கும். விமானத்துல போனாலும் கேபின் பையோட மொத்த எடை 7 கிலோதான், அதுல ட்ரைபாட் மட்டும் 2 கிலோ தின்னக் கூடாது.

மூணுகால்:
அண்ணே, மடிச்ச நீளத்தைப் பார்த்து வாங்கினா விரிச்ச அப்புறம் நடக்குறதுதான் சிக்கல். அந்த வகை ட்ரைபாட்ல குழாய் விட்டம் பொதுவா 22, 19, 16, 13, 10 மி.மீ.ன்னு இறங்கும். நாலு செக்‌ஷன் அலுமினியத்துல 25, 22, 19, 16. சுவர்த் தடிமன் ஒண்ணா இருந்தா குழாயோட விறைப்பு விட்டத்தோட மும்மடிக்கு ஏத்தபடி மாறும். 16-ஐயும் 10-ஐயும் ஒப்பிட்டா நாலு மடங்கு வித்தியாசம். கார்பன் அலுமினியத்தை விட விறைப்பானதுதான், அதிர்வையும் சீக்கிரம் அடக்கும். ஆனா விட்டத்துல விட்ட நாலு மடங்கை அது முழுசா ஈடு கட்டாது.

குழாயை இறுக்குற லாக் எண்ணிக்கையையும் கணக்குல எடுங்க. அஞ்சு செக்‌ஷன்னா மூணு காலுக்கு 12 லாக், நாலுன்னா 9. ஒவ்வொரு லாக்கும் கொஞ்சம் ஆடக்கூடிய இடம், மணல் நுழையக்கூடிய வழி.

எண்ணூர்ல மதியத்துக்கு மேல கடல் காத்து வீசும். லாங் எக்ஸ்போஷர் எடுக்கப் போற சாயங்காலம் அந்தக் காத்துலதான் இருப்பீங்க. அங்க 10 மி.மீ. குழாய் நடுங்கும். படத்துல அனல்மின் நிலையப் புகைபோக்கி விளிம்பு ரெட்டையாத் தெரியும், ஃபோகஸ் தப்புன்னு நினைச்சு லென்ஸைக் குறை சொல்லிட்டு இருப்பீங்க.

கடலோரக்கண்:
கணக்கு சரி தம்பி, ஆனா எல்லாக் குழாயையும் முழுசா இழுத்து வெச்சாத்தான் அந்தக் கணக்கு. கேட்டவரோட வேலையைப் பாருங்க. வலை பழுது பார்க்கிறவங்க தரையில உக்காந்திருப்பாங்க. அவங்க கண் மட்டம் 70, 75 செ.மீ. அந்த உயரத்துக்கு அஞ்சு செக்‌ஷன் ட்ரைபாட்ல மேல் மூணு குழாய் போதும். அப்ப பயன்பாட்டுல இருக்கிற மிக மெல்லிய குழாய் 16 மி.மீ., நீங்க சொல்ற அலுமினியத்தோட கடைசிக் குழாயும் அதேதான். நாற்காலியில உக்காந்திருந்தா 110 செ.மீ., நாலாவது குழாய் கொஞ்சம் வெளிய வரும், அவ்வளவுதான்.

உயரக் கணக்கையும் சொல்லிடுறேன். 170 செ.மீ. ஆளுக்குக் கண் மட்டம் ஏறக்குறைய 158. பால் ஹெட் (பந்து மேல சுழலுற ஹெட்) 10, பிளேட்டிலிருந்து வ்யூஃபைண்டர் 8 செ.மீ. கழிச்சா கால் மட்டும் 140 வரணும். ஏ7 ஃபோர்ல திரை வெளியே திரும்பும், அதைப் பார்த்து எடுத்தா கால் 120 இருந்தாலே போதும். சென்டர் காலத்தை (நடுவுல மேலே ஏத்துற தண்டு) தூக்க வேண்டிய அவசியமே இல்லை.

மூணுகால்:
சென்டர் காலத்தைத் தூக்காதீங்கன்னு சொன்னதுல முழுச் சம்மதம். அதைத் தூக்கினா மூணு கால் மேல ஒத்தைக் கால் நிக்குற மாதிரி. கடையில விளம்பர அட்டையில போட்டிருக்கிற அதிகபட்ச உயரம் அதையும் சேர்த்துத்தான் இருக்கும், அதைக் கழிச்ச எண்ணைக் கேளுங்க. உதாரணத்துக்கு பீக் டிசைன் ட்ராவல் ட்ரைபாட் 152 செ.மீ.ன்னு சொல்வாங்க, சென்டர் காலம் இல்லாம 130 தான். (உங்க பட்ஜெட்டுக்குள்ள அது வராது, அளவு புரியச் சொல்றேன்.) தாங்கும் எடைன்னு போடுற 8 கிலோ, 10 கிலோவையும் நம்பி ஒப்பிடாதீங்க. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குன்னு ஒரு முறையில அளந்து போடுது. எடையைத் தாங்குறது வேற, அதிராம நிக்குறது வேற.

ஆனா மணலுக்கு வாங்க. கால் மணல்ல புதையும், அதனால லாக் மணலுக்குள்ள போயிடாம இருக்க மிக அடியில இருக்கிற குழாயைத்தான் முதல்ல நீட்டணும். அப்ப அந்த 10 மி.மீ. குழாயைத் தவிர்க்க வழியே இல்லையே?

கடலோரக்கண்:
10 செ.மீ. நீட்டினாப் போதும். வளைவு நீளத்தோட மும்மடிக்கு ஏத்தபடி கூடும். 26 செ.மீ. முழுசா நீட்டினா வர்ற வளைவுல, 10 செ.மீ.க்கு அந்தத் துண்டுல பதினேழுல ஒரு பங்குதான் வரும். அதுலயும் பாதி மணலுக்குள்ள புதைஞ்சு பிடிமானமா இருக்கும். அடிக்குழாயைப் பத்து செ.மீ. நீட்டு, அதுக்கு மேல இருக்கிறதை மூடி வை, மீதி உயரத்தை மேல் குழாய்கள்ல எடு.

எண்ணூர்_அலை:
ரெண்டு பேரும் விறைப்பையே பேசுறீங்க. இங்க ட்ரைபாட்டைச் சாகடிக்கிறது உப்பும் மணலும் சாம்பலும்தான். கொசஸ்தலை ஆத்து ஓரமா அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்ச இடங்கள்ல வெச்சு எடுத்தா, அந்தத் தூள் மணலை விட நுணுக்கமா லாக் திரெட்டுக்குள்ள போயிடும். கிரீஸோட கலந்தா தேய்க்கிற பசை மாதிரி ஆகி, பிளாஸ்டிக் பட்டையை அரிச்சிடும்.

கார்பன் துருப்பிடிக்காதுன்னு வாங்குறவங்க கவனிக்க வேண்டியது: குழாய்தான் கார்பன், மூட்டுல இருக்கிற வளையமும் திரெட்டும் அலுமினியம். உப்புத் தண்ணி நடுவுல இருந்தா கார்பனைத் தொட்டுக்கிட்டிருக்கிற அலுமினியம் இன்னும் வேகமா அரிக்கும், வெள்ளைப் பொடி பூக்கும். ஒட்டின இடத்துல அது ஆரம்பிச்சா குழாய் வளையத்தை விட்டுக் கழண்டுக்கும். முழு அலுமினியத்துல அனடைஸ் பூச்சு கீறின இடத்துல மட்டும் புள்ளி புள்ளியா அரிக்கும். ஆக, எதை வாங்கினாலும் கழுவணும்.

ட்விஸ்ட் லாக்கா (திருகி இறுக்குற வகை) இருந்தா இப்படி: கால் மூடியிருக்கும்போதே வெளியில ஒட்டின மணலை நல்ல தண்ணி விட்டு அலசு, அதுக்கு முன்னாடி எந்த லாக்கையும் திறக்காதே. அப்புறம் அடி லாக்கை முழுசாத் திருகிக் குழாயை வெளிய இழு. குழாய் மேல்முனையில ரெண்டு பிளாஸ்டிக் பட்டை இருக்கும், எது எந்தப் பக்கம், எந்த முனை மேலன்னு போன்ல ஒரு படம் எடுத்துக்கோ. மாத்திப் போட்டா லாக் பிடிக்காது. பட்டையை, திரெட்டை, குழாயை நல்ல தண்ணியில கழுவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால திரெட்டைத் தேய். நிழல்ல முழுசாக் காயணும். திரெட்டுல மட்டும் விரல் நுனியில தொட்ட அளவு கிரீஸ். பட்டையிலயோ குழாயிலயோ பட்டா எடை வெச்சதும் கால் வழுக்கி இறங்கும். துரு நீக்குற ஸ்ப்ரே எண்ணெய் வேணவே வேணாம், இருக்கிற கிரீஸையும் கரைச்சு மணலை இழுத்து வெச்சுக்கும். ஒரு காலை மாட்டி முடிச்ச அப்புறம் அடுத்த காலைக் கழட்டு.

மூணுகால்:
இதுதான் நான் சொல்ல வந்தது. இந்த வேலையை 12 லாக்குக்குச் செய்யணுமா, 9-க்கா? அதுவும் ஃப்ளிப் லாக் அலுமினியம்னா நெம்புகோலைத் திறந்து தண்ணி விட்டாலே பாதி மணல் போயிடும். லாக் தளர்ந்தா பக்கத்துல இருக்கிற திருகை ஆலன் கீயால கால்வாசிச் சுத்து இறுக்கினாப் போதும். இருட்டுல தடவிப் பார்த்தாலே பூட்டியிருக்கா இல்லையான்னு தெரியும். ட்விஸ்ட்ல பாதி இறுக்கின லாக் வெளிய தெரியாது. 2 நிமிஷ எக்ஸ்போஷர்ல கால் ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலே படம் போச்சு.

எண்ணூர்_அலை:
ஃப்ளிப் லாக்ல ஒரு குறை உண்டு. நெம்புகோல் வலைக் கயித்துல மாட்டும், விரலை நசுக்கும், அதோட பின் எஃகா இருந்தா இந்தக் காத்துல துருப்பிடிக்கும். வாங்கும்போது காந்தம் வெச்சுப் பாருங்க, பலமா இழுத்தா அது சாதா எஃகுன்னு யோசிக்கலாம். மத்தபடி மூணுகால் சொன்னது சரி.

கடலோரக்கண்:
தளர்ந்தா திருக வேண்டியிருக்குன்னா, அந்த ஆலன் கீயை எப்பவும் கூட வெச்சுக்கணும்னுதான் அர்த்தம். ட்விஸ்ட்ல கையே போதும். பாதி இறுக்கம் பிரச்சினைக்கு வழி எளிது: கால் விரிச்சதும் கேமரா வைக்கிறதுக்கு முன்னாடி ஹெட் மேல ரெண்டு கையையும் வெச்சு ஒவ்வொரு காலா அழுத்துங்க. இறங்குறது இருந்தா அப்பவே இறங்கிடும்.

ஃபிரேம்_24:
பேட்டி வீடியோன்னு கேள்வியிலேயே இருக்கு, ஹெட் பத்தி யாரும் பேசலையே. சின்ன ட்ரைபாட்டோட வர்ற பால் ஹெட்ல கேமராவைச் சுத்துற பேன் தளம் பந்துக்குக் கீழ இருக்கு. கால் மட்டமா இல்லைன்னா, பந்தை வெச்சு நேராக்கினாலும் பேன் பண்ணப் பண்ண அடிவானம் சாயும். மணல்ல காலை மட்டமா வைக்கிறது நேரம் தின்னும் வேலை. அதனால காலுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல ஒரு சின்ன லெவலிங் பேஸ் (ஹெட்டை மட்டமாக்குற அடித்தளம்) போடுங்க. காலோட மேல் திருகு பொதுவா 3/8 அங்குலம், சில சின்ன ஹெட்டுக்கு 1/4 அங்குலம், மாத்துற புஷ் ஒண்ணு பைல கிடக்கட்டும்.

நகரும் படத்துக்கு ரெண்டு வழி ஃப்ளூயிட் ஹெட் (பக்கவாட்டுலயும் மேல கீழயும் சீரா நகர்ற வீடியோ ஹெட்) நல்லது. ஆனா பயண அளவு ஃப்ளூயிட் ஹெட்ல எடைச் சமன் செய்யுற ஸ்பிரிங்கை உங்க கேமராவுக்கு ஏத்தபடி மாத்த முடியாது. பிளேட்டை முன்ன பின்ன நகர்த்தி, கையை விட்டா கேமரா தானா சாயாத இடத்துல நிறுத்தணும். 24-105-ஐ 105-க்கு நீட்டினா பாரம் முன்னால போகும், அப்ப பிளேட்டை மறுபடி பின்னால தள்ளணும். ஆர்கா ஸ்விஸ் வகை பிளேட்டையே கேளுங்க. வீடியோ ஹெட்டுகள்ல பலது 501 வகை அகலப் பிளேட்டோட வரும், ரெண்டையும் கலந்து வெச்சுக்கிட்டா அவசரத்துல ஒண்ணும் பொருந்தாது.

நிலைச்ச ஃபிரேம்ல பேசுற பேட்டிக்கு மட்டும்னா ஃப்ளூயிட் ஹெட் தேவையே இல்லை. அந்த 600, 700 கிராமைக் கால்ல போடுங்க. அதனால நான் மூணுகால் பக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். வலை வேலை நிதானமா நடக்குற காலம் அது, பேட்டிக்கு அப்ப போங்க. ஞாயித்துக்கிழமை ஏலக் கூட்டத்துல மூணு காலை விரிக்காதீங்க. கூடை தூக்கிட்டு ஓடுறவங்க கால்ல தட்டும், விழுறது கேமரா மட்டுமில்லை. அங்க ஒரு கால் கழண்டு மோனோபாடா (ஒத்தைக் கால் தாங்கி) மாறுற மாடல்தான் உதவும். படகு மேல ஏறினா ட்ரைபாட்டை மறந்துடுங்க, இன்ஜின் அதிர்வு கால் வழியா நேரா கேமராவுக்கு ஏறும். கையில பிடிச்சு ஷட்டர் வேகத்தைக் கூட்டுறதுதான் வழி.

வடசென்னை_லென்ஸ்:
எல்லாருக்கும் நன்றி. காத்துக்கு சென்டர் காலக் கொக்கியில பையைத் தொங்க விடலாம்னு படிச்சேன், சரியா? ஸ்டெடிஷாட்டை (கேமராவோட ஆட்டம் தடுக்குற வசதி) என்ன பண்றது?

மூணுகால்:
பை தரையைத் தொடணும். அந்தரத்துல தொங்கினா ஊசலாடி, அந்த ஆட்டத்தைக் காலுக்கே கொடுக்கும். கொக்கியில ஒரு கயிறு கட்டி, பையோட அடி மணல்ல படுற மாதிரி நீளம் வெச்சுக்கோங்க, கயிறு விறைப்பா இருக்கணும். கேமரா வாரைக் கழட்டிடுங்க, லென்ஸ் ஹூடையும். ரெண்டுமே காத்துல பாய் மாதிரி இழுக்கும். ஒரு காலைக் காத்து வர்ற திசைக்கு எதிர்ப்பக்கம், அதாவது சாயக்கூடிய பக்கம் வையுங்க. ஸ்டெடிஷாட் ஆஃப். 2 நொடி டைமர், இல்லைன்னா போன் ஆப்.

கடலோரக்கண்:
இதுல மாத்துக் கருத்து இல்லை. ஆனா கடையில இதைச் செய்யாம எதையும் வாங்காதீங்க: உங்க கேமராவையே எடுத்துட்டுப் போங்க. ரெண்டு மாடலையும் 110 செ.மீ.ல நிறுத்துங்க, சென்டர் காலம் கீழேயே இருக்கட்டும். 105 மி.மீ.ல வெச்சு, திரையில ஃபோகஸ் பெரிதாக்கலை முழுசாப் போட்டு, ஒரு காலை விரலால தட்டுங்க. படம் ஆடி அடங்க எத்தனை நொடின்னு எண்ணுங்க. அந்த எண்ணுல கார்பன் தோத்தா அலுமினியத்தை வாங்குங்க, நான் எதிர்க்க மாட்டேன்.

எண்ணூர்_அலை:
அதே கடையில ரெண்டு கேள்வி. இந்த மாடலுக்குப் பிளாஸ்டிக் பட்டையும் ரப்பர் பாதமும் தனியாக் கிடைக்குமா? காலை நானே முழுசாக் கழட்டலாமா? ரெண்டுக்கும் ஆமாம்னு வராத ட்ரைபாட்டை எண்ணூருக்குக் கொண்டு வராதீங்க.

வடசென்னை_லென்ஸ்:
சனிக்கிழமை போறேன். நாலு செக்‌ஷன் அலுமினியம் ஒண்ணு 48 செ.மீ. மடியுது, ஒரு கால் மோனோபாடா கழளுது, அதை முதல்ல தட்டிப் பார்க்கிறேன். பைக்குள்ள குறுக்கா வெச்சா நுழையும்னு அளந்துட்டேன்.

கடலோரக்கண்:
ஹெட் மாட்டின பிறகு வர்ற நீளத்தை அளந்தீங்களா? தலைகீழா மடங்காத கால்னா 48-ஓட ஹெட்டுக்கு இன்னும் 10 செ.மீ. சேரும்.