ப்ராக்னாஸ்டிக் மார்க்கர்: 'முன்கணிப்புக் குறியீடு' சரிவருமா?

வணக்கம்.

குழந்தைகளின் இரத்தப் புற்றில் ஆர்.என்.ஏ மூலக்கூறுகள் பற்றிய கட்டுரைக்கு, ப்ராக்னாஸ்டிக் மார்க்கர் (நோய் இனி எப்படிப் போகும் என்பதைக் காட்டும் அடையாளம்) என்பதை 'முன்கணிப்புக் குறியீடு' என்று வைத்துக்கொள்ளலாம் என்று இந்த இழையில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் இரண்டு பாதியுமே இடிக்கிறது.

'குறியீடு' சின்னச் சிக்கல். மரபுக் குறியீடு என்று ஏற்கெனவே ஜெனிடிக் கோடுக்கு வழங்குகிறது, ஆர்.என்.ஏ கட்டுரையில் அதுவும் கட்டாயம் வரும். படிப்பவர் குழம்புவார்.

பெரிய சிக்கல் 'முன்கணிப்பு'. புற்றுநோய் மருத்துவர் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கிறார். இந்த நோய் எப்படிப் போகும் என்பது ஒன்று, அது ப்ராக்னாஸ்டிக். இந்தக் குறிப்பிட்ட மருந்துக்குக் கேட்குமா என்பது இன்னொன்று, அது ப்ரெடிக்டிவ். முன்கணிப்பு என்றால் இரண்டும் ஒரே சாக்குக்குள் போய்விடும். வானிலைக்கும் பங்குச் சந்தைக்கும்கூட அதே சொல்தான்.

பி.சி.ஆர்-ஏ.பி.எல் இணைவையே பாருங்கள். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டிலிருந்து ஒரு கலப்பு ஆர்.என்.ஏ படியெடுக்கப்படுகிறது. அது தென்பட்டால் லிம்போபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்று (முதிராத வெள்ளணுக்கள் பெருகுவது) உள்ள குழந்தைக்கு நிலைமை கடினம் என்பதுதான் நெடுநாள் நிலவரம். பிறகு, அந்த இணைவிலிருந்து உண்டாகும் புரதத்தையே தடுக்கும் இமாடினிப் என்ற மருந்து வந்தது. கீமோதெரபியோடு அதைத் தொடர்ந்து கொடுத்த அமெரிக்க ஆய்வு 2009இல் வெளியானபோது, 3 ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்த குழந்தைகள் சுமார் 80%. முந்தைய சிகிச்சைகளில் அது 35% அளவில்தான். அதாவது நோயின் போக்கைச் சொன்ன அதே ஆர்.என்.ஏ, எந்த மருந்து கொடுப்பது என்பதையும் சொல்லத் தொடங்கிவிட்டது. ஒரே மூலக்கூறு, இரண்டு வேலை. இதைத் தமிழில் எழுத இரண்டு சொல் வேண்டுமா, இல்லையா?

'அபாயக் குறி' என்ற பரிந்துரையும் வந்தது. ஈ.டி.வி6-ரன்எக்ஸ்1 என்ற இணைவு, அதே லிம்போபிளாஸ்டிக் புற்றில் பி-செல் என்ற வெள்ளணு வகை சார்ந்தது உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இருக்கிறது. அது இருந்தால் பொதுவாக நல்ல செய்தி. நல்ல செய்தியை அபாயம் என்று எழுத முடியாது. சொல்லுக்குள் நல்லதும் கெட்டதும் இருக்கக் கூடாது.

அதனால் என் பரிந்துரை 'நோய்ப்போக்கு'. 'போக்கு' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு, உதிரப்போக்கு எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். நாள்காட்டி, திசைகாட்டி போல 'போக்குகாட்டி' என்று முதலில் தோன்றியது, நன்றாகத்தான் ஒலித்தது. ஆனால் செய்தித்தாளைப் பிரித்தால் வனத்துறைக்குப் போக்கு காட்டும் சிறுத்தை! எந்த ஆய்வாளரும் தன் மூலக்கூறு அப்படிச் செய்வதை விரும்ப மாட்டார்.

'குறி' போதும். குறி சொல்வது நினைவுக்கு வருகிறது என்பீர்கள். அறிகுறி என்னும்போது யாருக்கும் வருவதில்லையே. சித்த மருத்துவத்தில் நெய்க்குறி உண்டு: சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு அது பரவும் விதத்தைப் பார்ப்பது. பாம்பாய் நீண்டால் வாதம், மோதிரமாய் வளைந்தால் பித்தம், முத்தாய் நின்றால் கபம். தீருமா தீராதா என்பதையும் அதிலேயே பார்த்தார்கள். பலன் எப்படியோ, சொல் பழகிய சொல்.

ஆக, ப்ராக்னாஸ்டிக் மார்க்கர் நோய்ப்போக்குக் குறி. ப்ரெடிக்டிவ் மார்க்கர் மருந்துப்பயன் குறி. நோயைக் கண்டுபிடிக்க உதவுவது நோய்காண் குறி. மருத்துவர் பெற்றோரிடம் "நோய்ப்போக்குக் குறிகள் நல்லபடியாக இருக்கின்றன" என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்கிறது.

அப்புறம் மைக்ரோ ஆர்.என்.ஏ. 'சிறு ஆர்.என்.ஏ' வேண்டாம், அது பல வகைகள் அடங்கிய பெரிய குடும்பத்தின் பெயர். சுமார் 22 மரபெழுத்து (நியூக்ளியோடைடு) நீளமுள்ள, 2024 நோபல் பரிசால் பிரபலமான இதற்கு 'நுண் ஆர்.என்.ஏ' பொருந்தும்.

லுகேமியாவுக்கு 'இரத்தப் புற்று' என்பதிலும் எனக்குத் தகராறு உண்டு; லிம்ஃபோமா, மயலோமா என்ற வேறு புற்றுகளும் அதற்குள் வந்துவிடுகின்றன. 'வெள்ளணுப் புற்று' எப்படி? தனி இழையாகத் தொடங்கினால் நல்லது.