அம்மாவுக்கு மறதி, வல்லாரை மாத்திரை போதுமா?

பூட்டுக்காரன்:
அம்மாவுக்கு 67 வயசு, சுத்த சைவம், 12 வருஷமா சுகர் மாத்திரை போடுறாங்க. அப்பா போனப்புறம் வீட்ட விட்டு வெளிய போறதே இல்ல. இப்ப ஆறு மாசமா கேட்டதையே திரும்ப கேக்குறாங்க, பால அடுப்புல வச்சிட்டு மறந்துடுறாங்க. சித்தி வல்லாரை மாத்திரை வாங்கி குடுத்தாங்க, தம்பி என்னடான்னா வால்நட்டா வாங்கி அடுக்குறான். வயசானா இப்படித்தான்னு விட்டுடலாமா?

மாடிவீட்டுக்கிளி:
விட்டுடாதீங்க. சுகருக்கு மெட்ஃபார்மினா போடுறாங்க? அத வருஷக்கணக்கா போட்டா வைட்டமின் பி12 குறையலாம், அதுலயும் சைவம்னா பால் தயிர்ல கிடைக்கிறதுதான். பி12, தைராய்டு ரெண்டுல எது கம்மியானாலும் மறதி வரும், ஆனா இது சரி பண்ணக்கூடிய மறதி. ரத்த டெஸ்ட் எடுங்க முதல்ல. அதுக்குன்னு மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்ட்ட கேளுங்க.

ராத்திரிஷிப்ட்:
காது நல்லா கேக்குதா அவங்களுக்கு? சிரிக்காதீங்க, 2024ல லான்செட் கமிஷன்னு ஒரு மருத்துவ நிபுணர் குழு டிமென்ஷியாவுக்கு, அதான் மறதி நோய்க்கு, நம்மளால மாத்தக்கூடிய காரணம்னு 14 சொல்லுச்சு, பிபி, சுகர், சிகரெட், தனிமை, காத்து மாசு எல்லாம் அதுல இருக்கு, ஆனா பங்கு அதிகம் காது மந்தத்துக்கும் கெட்ட கொலஸ்ட்ராலுக்கும்தான், ரெண்டுக்கும் தனித்தனியா 7 சதவீதம். பாதி வார்த்தை காதுல விழலன்னா அது எப்படி ஞாபகத்துல நிக்கும், மீதிய ஊகிக்கிறதுலயே மூளை களைச்சிடும், அப்புறம் பேச்சுக்கே வரமாட்டாங்க. கண்ணாடின்னா உடனே போட்டுப்போம், காது மிஷின்னா மட்டும் ஏதோ மானப்பிரச்சனை மாதிரி.

மாடிவீட்டுக்கிளி:
மிஷின் போட்டா மறதி போயிடுமா? ஓவரா இருக்கே

ராத்திரிஷிப்ட்:
போயிடும்னு சொல்லல. அமெரிக்காவுல 70லேருந்து 84 வயசு வரைக்கும் காது மந்தமானவங்க ஆயிரத்துக்கு கொஞ்சம் கம்மியான பேர எடுத்து, ஒரு பாதிக்கு மட்டும் மிஷின் குடுத்து 3 வருஷம் பாத்தாங்க, 2023ல ரிசல்ட் வந்துச்சு, மொத்தமா பாத்தா வித்தியாசம் இல்ல, ஆனா ஏற்கனவே மறதிக்கு ரிஸ்க் அதிகமா இருந்தவங்களுக்கு மட்டும் மூளைத்திறன் சரிவு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருந்துச்சு. அவ்வளவுதான். வல்லாரைய துவையலா அரைச்சு சாப்பிடட்டும், ருசியா இருக்கும், மாத்திரைக்கு காச கொட்டாதீங்க.

பூட்டுக்காரன்:
மெட்ஃபார்மின்தாங்க. டிவி சவுண்ட் 40க்கு கீழ வைக்க விடமாட்டாங்க, நாங்க அத பிடிவாதம்னு திட்டிட்டு இருந்தோம். சனிக்கிழமை பி12க்கு ரத்தம் குடுத்துட்டு அப்படியே காது டாக்டரையும் பாத்துட்டு வந்து சொல்றேன். வால்நட்ட என்ன பண்றது, ரெண்டு டப்பா இருக்கு